மனு எண் 40,00,433

செங்கல் வைத்து உயர்த்திய நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் ஆனந்தகுமார் அவர்களே, அதே போன்ற செங்கல் நாற்காலியில் அமர்ந்திருக்கும் வார்டு கவுன்சிலர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாயம்மாள் அக்கா அவர்களே, ஓட்டுக்கம்பெனி லைனின் நாற்பத்து மூன்று வீட்டு மக்களே, வெலிங்டன் தீவிலிருந்து படகேறி வந்திருக்கும் தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைக்கு ஆறு நாற்பதுக்குக் கடல் ஏறும். இந்த வாசகசாலையின் படி ஏழு மணிக்கு முங்கிவிடும். அதற்குள் பேசி முடிக்கச் சொல்லித் தலைவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். ஐந்து நிமிடம் போதுமா என்றும் கேட்டார். போதாது தலைவரே! எட்டு வருடம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பற்றி ஐந்து நிமிடத்தில் பேச எனக்குத் தெரியாது. தண்ணீர் வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது பழக்கம்தானே.

நான் பாக்கியலக்ஷ்மி. மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவுப் பிரிவில் இருபத்தாறு வருடம் பெருக்கியவள். நாம் இன்று இழந்து நிற்கும் தோழர் மாரிச்செல்வம், அதே பிரிவில் ஓடை இறங்கி வேலை பார்த்தவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அறுபத்தொரு வயது. மூன்று வாரம் முன்பு கடல் ஏறியபோது, தன் மனைவி மாயம்மாள் அக்காவின் அரிசி வாளியைக் காப்பாற்ற முழங்கால் தண்ணீரில் இறங்கினார். காலில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. எட்டாம் நாள் காய்ச்சல். பதினோராம் நாள் அவர் இல்லை. மருத்துவமனைச் சான்றிதழில் எலிக்காய்ச்சல் என்று எழுதியிருக்கிறது. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எலிக்கு என்ன தெரியும், பாவம்! எந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவர் எட்டு வருடம் மனுப் போட்டாரோ, அந்தத் தண்ணீர்தான் அவரைக் கொன்றது. இதை நான் கூட்டத்தில் உரக்கச் சொல்கிறேன். கவுன்சிலர் அவர்களும் கேட்கட்டும்.

அப்படி என்ன கேட்டுவிட்டார் அவர்? அரண்மனை கேட்டாரா? பாலம் கேட்டாரா? நம் லைன் ஓடை தோட்டில், அதுதான் கால்வாயில், சேரும் இடத்தில் ஓர் இரும்பு ஷட்டர் கேட்டார். ஆறடி அகலம். கடல் ஏறும்போது இறக்கிவிட வேண்டும், வடியும்போது தூக்கிவிட வேண்டும். இந்த ஊரில் வேலியேற்றம் என்று சொல்கிறார்களே, அது வரும்போதெல்லாம் ஓடைத் தண்ணீர் நம் அடுப்படிக்குள் வராமல் இருக்க அது போதும். முப்பது வருடம் அந்த ஓடைக்குள் நின்ற மனிதர் சொன்ன யோசனை அது. நாற்பத்து மூன்று வீட்டிலும் கையெழுத்து வாங்கி, முதல் கையெழுத்தைத் தான் போட்டு, ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். எந்த அலுவலகம் என்று பெயர் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அங்கே ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதில் ஓர் எண். 4000433. நாற்பது லட்சத்து நானூற்று முப்பத்து மூன்று. செவ்வாய்க்கிழமைதான் பொதுமக்களைப் பார்க்கும் நாள் என்றார்கள். அடுத்த செவ்வாய் போனார். அதற்கடுத்த செவ்வாயும் போனார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அங்கிருந்த எழுத்தர் தலையைத் தூக்காமல், "நம்பர் உண்டல்லோ, பின்னெ எந்தா?" என்றார். எண் இருக்கிறதே, பிறகு என்ன வேண்டும் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என்னிடம் வந்து அந்தச் சீட்டைக் காட்டினார். "பாக்கியம், அவங்க நமக்குப் பதில் தரல. நம்பர்தான் தந்துருக்காங்க. சரி, தந்தத வச்சுப் பாப்போம். இந்த நம்பர அவங்கள விட நான் நல்லாத் தெரிஞ்சு வச்சுக்கிடுதேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓர் எண்ணில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் கேட்டார்: "இது உடையுமா உடையாதான்னு உனக்குத் தெரியுமா?"

தோழர்களே, அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரி உங்களுக்குச் சொல்கிறேன். பதினைந்து என்ற எண் மூன்றாலும் ஐந்தாலும் மீதியில்லாமல் வகுபடும். அது உடைகிற எண். பதினேழு எதாலும் வகுபடாது. ஒன்றாலும் தன்னாலும் மட்டும்தான் வகுபடும். அதைத் தமிழில் பகா எண் என்கிறார்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அபாஜ்ய சங்க்ய என்று மலையாளத்தில் படிக்கிறார்கள். 4000433 உடையுமா, உடையாதா? அதைக் கண்டுபிடிக்க எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை, பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்றார். எது வரைக்கும் என்று கேட்டேன். இரண்டாயிரத்தை இரண்டாயிரத்தால் பெருக்கினால் நாற்பது லட்சம். நம் எண் அதைவிட நானூற்றுச் சொச்சம்தான் கூட. எண் இரண்டாக உடைந்தால் அதில் சின்னத் துண்டு இரண்டாயிரத்தைத் தாண்டாது, அதனால் இரண்டாயிரம் வரைக்கும் போதும் என்றார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஒன்று முதல் இரண்டாயிரம் வரை எழுதி, உடைகிறவற்றை ஒவ்வொன்றாக அடித்து, மிச்சம் நின்ற பகா எண்களைக் கணக்கெடுத்தார். முந்நூற்று மூன்று!

முந்நூற்று மூன்று எண்கள். ஒரு செவ்வாய்க்கு ஒன்று. அலுவலகப் பெஞ்சில் காத்திருக்கும் நேரத்தில், ஒரு நோட்டில் எண்ணுக்கு ஒரு பக்கமாக, ஒரு வகுத்தல். இதுதான் அவர் வைத்த விரதம். அதற்காக ஞாயிறு விடுமுறையை விட்டுக்கொடுத்து, மேஸ்திரியிடம் கெஞ்சி, செவ்வாய் விடுமுறை வாங்கினார். அவருடைய ஞாயிறு எனக்கு வந்தது. என் பிள்ளைகளோடு நான் சோறு தின்ற ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவர் தந்தவை. அவர் உயிரோடு இருந்தபோது நான் இதை அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மாதம் பிறந்ததும் காலண்டரில் செவ்வாய்க் கட்டங்களில் அந்தந்த வாரத்து எண்ணை எழுதிவிடுவார். போய் வந்தால் கட்டத்தின் மேல் ஒரு கோடு. காய்ச்சல், கல்யாணம் என்று போக முடியாத வாரம் வந்தால், அந்த எண்ணுக்கு அம்புக்குறி போட்டு அடுத்த செவ்வாய்க்குத் தள்ளுவார். கொரோனாவில் அலுவலகம் மூடிக் கிடந்த மாதங்களில் கட்டங்களைக் காலியாகவே விட்டுவிட்டார். பதினான்காவது செவ்வாய் நாற்பத்து மூன்றால் வகுத்தார். நம் வீடுகளின் எண்ணிக்கை. அன்று வாடிய முகத்தோடு வந்தார். "சமமாப் போகல பாக்கியம். பதினாலு மிச்சம் வருது. பதினாலு வீட்ட வெளிய விட முடியுமா?" என்றார். இதற்கெல்லாம் ஒரு மனிதர் வருத்தப்படுவாரா என்று நான் கேலி செய்தேன். நம்பர் மாரி என்று லைனில் பட்டப்பெயர் வைத்ததும் நான்தான்.

வாரா வாரம் மீதி வந்தது. எழுத்தரும் வாரா வாரம் பரிசீலனையில் இருக்கிறது என்றார். போன வருடம் முந்நூற்று மூன்றாவது செவ்வாய், கடைசி எண்ணான 1999-ஆல் வகுத்தார். மீதி 434. தீர்ந்தது! ஒன்றுமே வகுக்கவில்லை. "உடையாத நம்பர் பாக்கியம்!" என்று வீட்டு வாசலில் நின்று கத்தினார். நம் சங்கத்தில் எல்லோருக்கும் வீரம் வந்துவிட்டது. தெருமுனைச் சுவரில் ஆளுயர எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும், 4000433 பகா எண், எங்களையும் பிரிக்க முடியாது என்று எழுதினோம். அந்தச் சுவருக்கு முன்னால் தர்ணா இருந்தோம். தொலைக்காட்சிக்காரர்கள்கூட வந்தார்கள். ஞாபகம் இருக்கிறதா?

அந்த ஓணம் விடுமுறைக்கு, நம் வெங்கிட்டுவின் மகள் ஸாதனா கல்லூரியிலிருந்து வந்தாள். சுவரைப் பார்த்தாள். கைபேசியில் எண்ணைத் தட்டினாள். அடுத்த நிமிடம் என்னிடம் ஓடி வந்தாள். "அத்தே, இது பகா எண் இல்ல. 1223 இன்ட்டு 3271. ரெண்டாப் பிரியுது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்த மேடையில் சொல்லியே ஆக வேண்டும். வாயை மூடு என்றேன். நாளைக்குக் கவுன்சிலர் சுவரைப் பார்க்க வருகிறார், அந்த நேரத்தில் இதெல்லாம் பேசாதே என்றேன். ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். அதைவிட, அண்ணாச்சி தாங்கமாட்டார் என்று பயந்தேன். அந்தப் பெண் என்னை மதிக்கவில்லை. நல்லவேளை! நேரே அவரிடம் போய்ச் சொன்னாள்.

அவர் நம்பவில்லை. கைபேசியை நம்பும் ஆள் இல்லை அவர். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கையால் பெருக்கினார். நாற்பது லட்சத்து நானூற்று முப்பத்து மூன்று வந்தது. ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. இரண்டு நாள் சாப்பிட உட்காரவில்லை. மாயம்மாள் அக்கா சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய காலண்டர்களை எல்லாம் இழுத்துப் போட்டு 1223-ஐத் தேடினார். பட்டியலில் அது இருநூறாவது எண். இருநூறாவது செவ்வாய். கட்டத்தின் மேல் கோடு இருக்கிறது. ஆனால் வகுத்தல் நோட்டில் இருநூறாவது பக்கம் காலி!

அன்றைக்கு ஹர்த்தால். முந்தின நாள் ராத்திரி அறிவித்தார்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, படகு இல்லை. ஆனாலும் செவ்வாய் அல்லவா! இந்த மனிதர் நடந்தே போயிருக்கிறார். கேட்டில் பூட்டு. உட்காரப் பெஞ்சு இல்லை, பெஞ்சு இல்லாததால் வகுத்தலும் இல்லை. திரும்பி நடந்து வந்தார். போய் வந்ததுதானே என்று கட்டத்தில் கோடு போட்டுவிட்டார். போகாமல் இருந்திருந்தால் அம்புக்குறி போட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருப்பார். போனதால் தவறிவிட்டது. அப்படித் தவறியது ஒரே ஓர் எண். அந்த ஒன்றுதான் வகுக்கிற எண்!

இது தற்செயல்தான் என்று ஸாதனா சொன்னாள். முந்நூற்று மூன்றில் ஒன்று, அவ்வளவுதான் என்றாள். சரி, தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அண்ணாச்சியும் இதைச் சாமியின் விளையாட்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே அவர் சுண்ணாம்பு வாளியோடு தெருமுனைக்குப் போனார். நாங்கள் தடுத்தோம். எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான் அண்ணாச்சி, மழை வந்தால் தானாக அழியும், விட்டுவிடுங்கள் என்றோம். "பொய்ய நம்ம சுவத்துல வச்சுக்கிட்டு, அவங்ககிட்டப் போயி உண்மையக் கேக்க எனக்கு வாய் வராது" என்றார். வெள்ளையடித்து, தன் கையாலேயே எழுதினார்: 4000433 = 1223 × 3271. இப்போதும் இருக்கிறது. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

ஸாதனாவுக்கு ஒரு சந்தேகம். 3271 இன்னும் உடையுமா என்று பார்க்க வேண்டாமா மாமா என்று கேட்டாள். அவர் உடனே சொன்னார்: "வேண்டாம்மா. அத உடைக்கிற நம்பர் பெரிய நம்பரையும் உடைச்சிருக்கும்ல? இதுக்கு அம்பத்தேழு வரைக்கும் பாத்தாப் போதும், மொதல் பதினாறு செவ்வாயிலயே அது முடிஞ்சுபோச்சு." பிறகு அவளும் ஒன்று சொன்னாள். 3271-லிருந்து 1223-ஐக் கழித்தால் 2048 வருகிறது, அது இரண்டை இரண்டால் பெருக்கி, பெருக்கி, மொத்தம் பதினோரு இரண்டுகள் சேர்ந்த எண் என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அது எதுக்கு ஆகும் என்று கேட்டார். "எதுக்கும் ஆகாது மாமா, சும்மா அழகா இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அடுப்புக்குள் ஓடைத் தண்ணீர் நிற்கிறது, இங்கே அழகாம்! இன்று அந்தக் கோபம் எனக்கு இல்லை. முப்பது வருடம் இந்த ஊரின் கழிவுக்குள் இறங்கி நின்ற மனிதர், எதற்கும் ஆகாத ஓர் அழகைப் பார்த்து ஒரு சாயங்காலம் சந்தோஷப்பட்டார். அதற்கு அவருக்கு உரிமை இல்லையா? நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. இருக்கட்டும், இன்று அழ மாட்டேன்.

ஏனென்றால் கதை இனிமேல்தான் இருக்கிறது. தான் அலுவலகத்துக்குள் போகாத செவ்வாய் எது என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நம் கோப்பில் என்ன நடந்தது என்று கேட்டால் என்ன என்று தோன்றியது. தகவல் அறியும் உரிமையில், அந்த ஒரு தேதியைப் போட்டு, ஒரு தாள் கேட்டார். நாற்பது நாள் கழித்து வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லட்டுமா? விசாரணை நடைபெற்றது. மனுதாரர் ஆஜராகவில்லை. மனு முடித்து வைக்கப்பட்டது!

கேட்டீர்களா மக்களே? பூட்டிய கேட்டுக்கு உள்ளே விசாரணை நடந்ததாம்! கேட்டுக்கு வெளியே நின்ற மனிதர் ஆஜராகவில்லையாம்! அதற்குப் பிறகு நூற்று மூன்று செவ்வாய்க்கிழமைகள்! முடித்து வைத்த மனுவுக்காக நூற்று மூன்று செவ்வாய்க்கிழமைகள் அவரை அதே பெஞ்சில் உட்கார வைத்துப் பரிசீலனையில் இருக்கிறது என்றார்களே, அவர்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?

அந்தத் தாளையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். பெரிய அதிகாரி நாற்காலியில் நெளிந்தார். பழசை எல்லாம் கிளற வேண்டாம், புதிதாக ஒரு மனு கொடுங்கள், இன்றைக்கே நம்பர் போட்டுத் தருகிறேன் என்றார். அண்ணாச்சி கும்பிட்டுச் சொன்னார்: "புது நம்பர் வேண்டாம் சாரே. இந்த நம்பர எனக்கு நல்லாத் தெரியும். இதையே தொறங்க." புது எண் வாங்கினால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? நாலு செவ்வாய் அசையாமல் உட்கார்ந்தார். ஐந்தாம் செவ்வாய் இறங்கி வந்தார்கள். பழைய மனுவையே திறந்தார்கள். விசாரணைக்குத் தேதி போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தேதி, வருகிற செவ்வாய்க்கிழமை.

அதற்கு முன்பு கடல் ஏறிவிட்டது. அவர் போய்விட்டார். நேற்று அவருடைய பத்தாம் நாள். நேற்று மாயம்மாள் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. மனுதாரர் காலமானதால் மனு எண் 4000433 முடித்து வைக்கப்படுகிறது, தேவைப்பட்டால் வாரிசுகள் புதிய மனு அளிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எட்டு வருடம் ஒரு வரி பதில் எழுதத் தெரியாதவர்கள், செத்த பத்தாம் நாள் தபாலில் பதில் அனுப்பியிருக்கிறார்கள்! என்ன வேகம்! என்ன அக்கறை!

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். அவர்கள் முதல் கையெழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். மனுவைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதன் நகல் என் கையில் இருக்கிறது, இதோ! பின்பக்கத்தில் இன்னும் நாற்பத்திரண்டு கையெழுத்து. சரோஜம்மாவின் கைநாட்டு இருக்கிறது. தலைவர் ஆனந்தகுமாரின் கையெழுத்து இருக்கிறது. வெங்கிட்டுவின் கையெழுத்து இருக்கிறது. என் கோணல் கையெழுத்தும் இருக்கிறது. நாற்பத்து மூன்று மனுதாரர்களில் ஒருவர் இறந்துவிட்டார். மிச்சம் நாற்பத்திரண்டு. இந்தக் கழித்தலுக்கு எட்டாம் வகுப்புக்கூட வேண்டாமே!

கவுன்சிலர் அவர்களே, உங்கள் காலைப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள். இந்தத் தண்ணீர் வழக்கமாக எங்கள் அடுப்பு வரை வரும், நீங்கள் இன்னும் ஐந்து நிமிடம் அதில் கால் வைத்திருங்கள். யாரும் எழுந்திருக்க வேண்டாம். நான் முடிக்கப் போகிறேன்.

தோழர் மாரிச்செல்வத்துக்குப் படம் திறந்தோம், மாலை போட்டோம். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் விடுப்புப் போடுங்கள். பிராட்வேயில் கடை வைத்திருக்கிறவர்கள் கடையை அடையுங்கள். அன்றைக்கு ஹர்த்தால் வந்தாலும் சரி, நடப்போம். கேட் பூட்டியிருந்தாலும் சரி, வாசலில் உட்காருவோம், காலண்டரில் தேதியோடு எழுதி வைப்போம். மாயம்மாள் அக்கா அண்ணாச்சியின் வகுத்தல் நோட்டை எடுத்து வருவார். இருநூறாவது பக்கத்தில் ஸாதனா அந்த விட்டுப்போன கணக்கைப் போட்டு வைத்திருக்கிறாள். மீதி பூஜ்யம்.

உள்ளே கூப்பிடும்போது என்ன சொல்ல வேண்டும் என்று இங்கேயே ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம். நான் அந்த எழுத்தர் மாதிரிக் கேட்கிறேன். நீங்கள் எழுந்து நின்று சொல்லுங்கள். தண்ணீரில்தான் நிற்க வேண்டும், பரவாயில்லை. மாயம்மாள் அக்கா, நீங்கள் முதலில்.

மனு எண் நாற்பது லட்சத்து நானூற்று முப்பத்து மூன்று! மனுதாரர் வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறோம்!